பிரிண்ட் பட்டனுக்குப் பின்னால் ஒரு வரலாறு

பரீட்சை நெருங்கினால் கல்முனையில் கொமினிகேஷன் கடைகளில் நிற்க இடமிருக்காது. பென்டிரைவை நீட்டி, "காக்கா, ரெண்டு பக்கமும் வாறமாதிரி அடிங்க" என்று சொல்லிவிட்டுக் காத்து நிற்போம். டியூட் கைக்கு வந்தால் சரி. அது எப்படி வருகிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

எங்களில் ஒருவர் பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்ட பிறகுதான் அந்த யோசனை வந்தது. பிரிண்டரை இணைத்தோம். டிரைவர் சீடி ஏதும் கேட்காமலே தாள் வெளியே வந்தது. அந்த வேலையைச் செய்தது 'கப்ஸ்' என்ற மென்பொருள். நாங்கள் அதைத் தேடிப் போடவில்லை, உபுண்டுவோடு கூடவே வந்தது. அப்படியென்றால் எங்களுக்காக இதைத் தெரிவு செய்தது யார்?

கட்டற்ற மென்பொருளின் கதையே ஒரு பிரிண்டரில் இருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். 1980 அளவில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்துக்கு ஒரு செராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்ய முடியவில்லை. மூலநிரலைக் கேட்டார், கிடைக்கவில்லை. 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஆனால் லினக்ஸ் வந்த பிறகும் அச்சிடுவது பெரிய தலையிடியாகத்தான் இருந்தது. யூனிக்ஸ் காலத்து 'எல்பிடி' முறைக்குக் கோப்புகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக அனுப்பத் தெரியும். இந்தப் பிரிண்டரால் இரண்டு பக்கமும் அடிக்க முடியுமா, இதில் ஏ4 தாள் இருக்கிறதா என்று விசாரிக்கத் தெரியாது. பாவிப்பவரே ஒரு கோப்பைத் திறந்து, விபரங்களைக் கையால் எழுத வேண்டும்.

1997இல் மைக்கேல் ஸ்வீட் என்பவர் கப்ஸ் வேலையைத் தொடங்கினார். முதலில் எல்பிடியையே அடிப்படையாக வைக்க நினைத்தார். அதன் குறைகளைப் பார்த்துவிட்டு, அப்போது உருவாகிக்கொண்டிருந்த 'ஐபிபி' என்ற பொது நியமத்துக்கு மாறினார். கணினி கேட்க, பிரிண்டர் பதில் சொல்லும் முறை அது. 1999இல் கப்ஸ் வெளிவந்தது.

இனி லினக்ஸ் வெளியிடுவோர் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஒரு பக்கம் எல்பிடி வழியில் வந்த, பலருக்கும் பழகிய 'எல்பிஆர்என்ஜி'. மற்றப் பக்கம் புதிய கப்ஸ். மாண்ட்ரேக் ஆரம்பத்திலேயே கப்ஸை ஏற்றுக்கொண்டது. ரெட் ஹட் சில காலம் இரண்டையும் தந்துவிட்டு, 2003இல் வந்த 9ஆம் பதிப்பில் கப்ஸை இயல்பிருப்பாக்கியது. பழையதையும் உடனே தூக்கி எறியவில்லை, வேண்டியவர்கள் அதற்கே மாறிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. இந்த விசயம் எங்களுக்குப் பிடித்திருந்தது. பெரும்பாலானவர்கள் வந்ததை அப்படியே பாவிப்பார்கள். அதனால் இயல்பிருப்பைத் தீர்மானிப்பவருக்குப் பெரிய அதிகாரம் இருக்கிறது. மாற்றுவதற்கு வழி விட்டால்தான் அந்த அதிகாரம் நியாயமாகும்.

2002இல் ஆப்பிளும் தன் மக் கணினிகளில் கப்ஸைச் சேர்த்தது. 2007இல் ஸ்வீட்டை வேலைக்கு எடுத்து, மூலநிரலின் உரிமையையும் வாங்கிவிட்டது. லினக்ஸ் உலகம் முழுக்கப் பாவிக்கும் ஒன்று இப்போது ஒரு கம்பனியின் கையில்! 2019 இறுதியில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு விலகினார். பழைய மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். உரிமம் திறந்ததாக இருந்ததால், 2020இல் அவரும் டில் காம்பீட்டர் வழிநடத்தும் ஓப்பன்பிரிண்டிங் குழுவும் அதே நிரலைப் பிரதியெடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள். இன்றைய லினக்ஸ்களில் வருவது அந்தக் கப்ஸ்தான்.

எங்கள் பக்கத்தில் பாமினி எழுத்துருவும் ஒருவகை இயல்பிருப்புத்தான். பாமினியில் அடித்த ஒப்படையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் வரும். யூனிகோட் வந்து இவ்வளவு காலமாகியும் எத்தனை பேர் மாறியிருக்கிறோம்? "எல்லாரும் இதத்தானே பாவிக்கிறாங்க" என்பதுதான் எங்கள் பதில். எல்பிடியைப் பாவித்தவர்களும் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும்.

அடுத்தமுறை கடையில் காத்து நிற்கும்போது அந்தக் கணினித் திரையைக் கொஞ்சம் பாருங்கள். அதில் இருப்பவற்றில் எதை நாங்களாகத் தெரிவு செய்தோம்? பிடிக்காவிட்டால் எதை எங்களால் மாற்ற முடியும்?