கடற்பாசிச் சாறு கொண்டு கொசுப்புழுக் கட்டுப்பாடு

கடற்பாசிகளிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைத் தேங்கிய நீரில் கலந்து, கொசுவைப் புழுப் பருவத்திலேயே அழிக்கும் முறை இது. தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்களில் இதற்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. சென்னை போன்ற நகரத்தில் இதன் பயனைத் தீர்மானிப்பது, புழு எந்த நீரில் வளர்கிறது என்பதுதான்.

மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்வது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. நகர்ப்புற மலேரியாவைப் பரப்புவது இதுவே. பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு ஆகியவற்றில் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி முட்டையிடுகிறது. பக்கிங்காம் கால்வாயிலும் அடையாற்றின் கழிவு கலந்த தேக்கங்களிலும் பெருகுவது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய இக்கொசுவின் தொல்லை, ஆற்று முகத்துவாரத்தை மணல் அடைத்து நீரோட்டம் நின்றுவிட்டால் இன்னும் கூடும்.

இந்த மூன்று கொசுக்களின் மீதும் கடற்பாசிச் சாறு சோதிக்கப்பட்டுள்ளது. பாசியை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து வடிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறைப்படி, மூன்றாம் அல்லது நான்காம் நிலைப் புழுக்களை வெவ்வேறு செறிவுள்ள கரைசல்களில் விட்டு, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுகிறார்கள். பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவு எவ்வளவு குறைவோ, அவ்வளவு வீரியமுள்ளது அந்தச் சாறு.

தமிழ்நாட்டுப் பாசிகளைக் கொண்டு செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கௌலர்பா ரெசிமோசா என்ற பச்சைப்பாசி மூன்று இனப் புழுக்களையும் கொன்றது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாசிச் சாற்றால் வெள்ளி நுண்துகள்களை உருவாக்கிச் சோதித்தனர். இவற்றின் வீரியம் வெறும் சாற்றைவிட அதிகம். ஆனால் வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சாகக்கூடியது. குடிநீர்த் தொட்டிக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க முடியாது என்பதே சரியான முடிவு.

நகரில் புழுவை ஒழிக்க இன்று பயன்படுபவை பெரும்பாலும் டெமிபாஸ், புழுக்கொல்லி எண்ணெய், பி.டி.ஐ. பாக்டீரியா, கம்பூசியா மீன் ஆகியவை. டெமிபாஸ் ஒரே வேதிப்பொருள் என்பதால் புழுக்கள் அதற்குப் பழகி எதிர்ப்புத்திறன் பெறுகின்றன. உலகின் பல பகுதிகளில் ஏடிஸ் கொசுவிடம் இது காணப்பட்டுள்ளது. பாசிச் சாற்றிலோ டெர்பீன்கள், கொழுப்பு அமிலங்கள், பீனால்கள் எனப் பல பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. ஆகவே எதிர்ப்புத்திறன் மெதுவாகவே வரும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

அதே கலவைத்தன்மைதான் இதன் பலவீனமும். பறித்த பருவம், இடம், கரைப்பான் ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் வீரியம் மாறுகிறது. தெளிந்த நீரில் பலித்த அளவு, சாக்கடையின் கரிமப் பொருளும் சேறும் கலந்த கால்வாய் நீரிலும் பலிக்கும் என்று கொள்ள முடியாது. குடிநீர்த் தொட்டியில் ஊற்றும் முன், அது மனிதருக்கும் மீனுக்கும் தும்பியின் இளம்பருவத்துக்கும் தீங்கற்றது என்று தனியே நிறுவியாக வேண்டும்.

மூலப்பொருளும் எளிதில் கிடைப்பதல்ல. சென்னைக் கரை பெரும்பாலும் மணற்பாங்கானது. கோவளம், மாமல்லபுரம் பாறைகளில்தான் பாசி ஓரளவு படர்கிறது. வணிக அளவில் அது பெரும்பாலும் கிடைப்பது மன்னார் வளைகுடாவில். அங்கே பாம்பன், இராமேசுவரம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் கட்டக்கோரையும் மரிக்கொழுந்துப் பாசியும் ஆல்ஜினேட், அகர் ஆலைகளுக்குப் போகின்றன. கொசு மருந்துக்கென்று கூடுதலாகப் பறித்தால் அந்தப் பாசிப் படுகைகள் தாங்கா. வளர்ப்புப் பாசியும் ஆலைக் கழிவும் இதற்குப் பயன்படுமா என்று ஆராய்வதே ஏற்ற வழி.