இரண்டாவது கன்ட்ரோலர்

போன சனிக்கிழமை மகன் வந்து, "அப்பா, உங்களோட முதல் கேம் கன்சோல் எது?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் ஏதோ கட்டுரையாம், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு மூன்று வரி எழுத வேண்டுமாம். நான் குவைத்தில் ஆரம்பித்து அம்மான் வழியாக பம்பாய்க்கு வருவதற்குள் பையன் எழுந்து போய்விட்டான். "மூணு வரி கேட்ட புள்ளைக்கு மூணு மணி நேரம் கதை" என்று தங்கமணி முறைத்தாள். ஆரம்பித்த கதையைப் பாதியில் விட எனக்கு மனசு வராது. மிச்சத்தை நீங்கள் கேளுங்கள்.

எங்கள் ஊர் காரோடு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் களியக்காவிளை தாண்டியிருப்பீர்களே, அதற்குப் பக்கத்து எல்லைக் கிராமம். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. காரோடு நெய்யாற்றின்கரையில். ஆக எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தைக்குக் களியக்காவிளை. அம்மையின் அண்ணன், அதாவது மாமா, எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். வாழைத்தோட்டத்தைக் குறுக்கே கடந்தால் பத்து நிமிஷ நடை. இந்தப் பத்து நிமிஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

என் முதல் கன்சோலை நான் பார்த்ததே இல்லை.

அப்பா குவைத்தில் எலக்ட்ரீஷியன். 1990 ஜூனில் வந்த கடிதத்தில், "பிள்ளைகளுக்கு டிவியில் விளையாடுகிற ஒரு சாமானம் வாங்கி வைத்திருக்கிறேன், செப்டம்பரில் கொண்டு வருவேன்" என்று எழுதியிருந்தார். அது 'ஸக்ர்' என்று பிற்பாடு தெரிந்தது. 1982இல் குவைத்தில் தொடங்கிய அல் ஆலமியா என்ற நிறுவனம், ஜப்பானின் எம்.எஸ்.எக்ஸ் வகைக் கணினியை அரபு எழுத்துகளோடு கொண்டுவந்து வளைகுடா முழுக்க விற்றது. பெயர் கணினி என்றாலும், கார்ட்ரிட்ஜைச் செருகினால் கேம் ஓடும். கொனாமி அதற்கென்று நிறைய விளையாட்டுகள் செய்திருந்தது. அரபு வீடுகளில் பிள்ளைகள் அதில் கணக்குப் படித்ததைவிட விளையாடியதுதான் அதிகமாக இருக்கும், எந்த ஊரிலும் பிள்ளைகள் பிள்ளைகள்தானே.

ஆகஸ்ட் 2ஆம் தேதி சதாம் உசேன் படை குவைத்துக்குள் நுழைந்தது. அப்புறம் இரண்டு மாசம் ஒரு தகவலும் இல்லை. அம்மை ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டே சமைப்பாள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஏற்றி வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 59 நாளில் 488 நடை. அப்பாவும் பாக்தாத் வழியாக பஸ்ஸில் அம்மான் போய்ச் சேர்ந்து, பம்பாயில் இறங்கி, ரயில் பிடித்து அக்டோபரில் வீடு வந்தார். கையில் ஒரு தோள்பை. அதற்குள் இரண்டு சட்டை, பாஸ்போர்ட், ஒரு ஸ்குரூ டிரைவர் செட். எனக்குப் பத்து வயது. நான் அந்தப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த வாட்டி மக்களே" என்றார்.

அடுத்த வாட்டி வர மூன்று வருஷம் ஆனது. 1992இல் ஷார்ஜாவில் வேலை கிடைத்துப் போனவர், 1993இல் 45 நாள் லீவில் வந்தார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறந்து "இது என்ன?" என்று கேட்டதற்கு, "பிள்ளைகளுக்க பொம்மையாக்கும் சாரே" என்றாராம்.

பொம்மையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட பேமிகாம் என்ற கன்சோலின் நகல் அது. மசாயுகி உவேமுரா என்ற பொறியாளர் வடிவமைத்தது அசல். தைவான்காரர்கள் அதன் சிப்புகளைப் பார்த்து அப்படியே செய்துவிட, உலகம் முழுக்க ஆளுக்கொரு பெயரில் நகல் இறங்கியது. துபாய் தேரா கடைத்தெருவில் குவிந்து கிடந்தது இதுதான். அசல் நின்டெண்டோ எது, நகல் எது என்ற விவரமெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? 'வீடியோ கேம்' என்றால் அதுதான். கூடவே வந்த மஞ்சள் கார்ட்ரிட்ஜில் '9999999 இன் 1' என்று எழுதியிருந்தது. கிட்டத்தட்ட ஒரு கோடி விளையாட்டு! நானும் தங்கச்சியும் நோட்டுப் போட்டு எண்ணினோம். ஏழுக்கு மேல் தேறவில்லை. அதே ஏழைத்தான் வேறு வேறு கட்டத்திலிருந்து ஆரம்பித்துக் கோடியாக்கியிருந்தார்கள்.

வீட்டில் இருந்தது கெல்ட்ரான் கறுப்பு வெள்ளை டிவி, கேரள அரசு நிறுவனத்தின் தயாரிப்பு. ஆன்டெனா ஒயரைக் கழற்றி கேம் ஒயரைச் செருகி, சானல் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தால் புள்ளி மழைக்கு நடுவில் படம் வரும். படம் வந்த அன்றைக்குத் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது.

அப்பாவுக்குப் பிடித்தது பேட்டில் சிட்டி. 1985இல் நாம்கோ செய்த டாங்க் சண்டை. செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும், அதை இரண்டு பேர் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். முதல் ஆளுக்கு மஞ்சள் டாங்க், இரண்டாவது ஆளுக்குப் பச்சை. எங்கள் கெல்ட்ரானிலோ இரண்டும் ஒரே சாம்பல். அதில் இன்னொரு விசேஷம், கூட்டாளி மேல் குண்டு பட்டால் அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடுவார். எது யார் டாங்க் என்று தெரியாமல் நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டே இருந்தோம். அதற்குள் எதிரி வந்து கழுகைச் சாப்பிட்டுவிடுவான். "லேய், நீ யாருக்க கட்சி?" என்று அப்பா கத்துவார். 45 நாளும் இதே கூத்துதான்.

எப்போதும் அப்பா கையில் இரண்டாவது கன்ட்ரோலர். அதில் ஸ்டார்ட் பட்டன் கிடையாது. அசல் பேமிகாமிலேயே அப்படித்தான், ஸ்டார்ட்டும் செலக்ட்டும் முதல் கன்ட்ரோலரில் மட்டும். நகல் எடுத்தவர்கள் அதையும் விடாமல் நகலெடுத்திருந்தார்கள். ஆட்டத்தை ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் முதல் ஆளின் கையில். "நிறுத்துடே, ஒரு பீடி இழுத்துட்டு வாறேன்" என்று அப்பா என்னிடம்தான் கேட்க வேண்டும். நானும் கேட்காத மாதிரி விளையாடிக்கொண்டிருப்பேன். 46ஆம் நாள் அவர் போனதும் இரண்டாவது கன்ட்ரோலர் தங்கச்சிக்குப் போனது.

இப்போது அந்தப் பத்து நிமிஷ நடை. அப்போது கேரளத்துக்குக் கரண்ட் பெரும்பாலும் அணை நீரிலிருந்துதான். மழை பொய்த்தால் இடுக்கி வற்றும், இடுக்கி வற்றினால் சாயங்காலம் அரை மணி நேரம் லோட் ஷெடிங். தமிழ்நாட்டுக்கு நெய்வேலி, தூத்துக்குடி என்று அனல் மின் நிலையங்கள் உண்டு. மாமா வீடு அந்த வாரியத்தின் கம்பியில். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒயர் தரையில் இழுபட வாழைத்தோட்டம் வழியாக ஓடுவோம், மாநிலம் விட்டு மாநிலம். ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற வசதி கிடையாது என்பதால் அங்கே போய் முதலிலிருந்து. கான்ட்ராவில் ஆறாவது கட்டம் வரைக்கும் வந்து கரண்ட் போனவனின் துக்கம், சேவ் பட்டனோடு பிறந்த இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் புரியாது.

மாமா வீட்டில் கலர் டிவி. அங்கேதான் மரியோ தொப்பி சிவப்பு என்றும், அப்பாவின் டாங்க் பச்சை என்றும் தெரிந்துகொண்டேன். ஷார்ஜாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். "அப்பா, நீங்க பச்சை." அவருக்குப் புரிந்திருக்குமா தெரியவில்லை, பதில் கடிதத்தில் பரீட்சை மார்க் எவ்வளவு என்று கேட்டிருந்தார்.

ஒரு சந்தேகம் வரலாம், இந்தியாவில் கன்சோலே விற்கவில்லையா என்று. விற்றார்கள். 1995இல் சேகாவின் மெகா டிரைவை இங்கே கொண்டுவந்தது ஷா வாலஸ். ஆமாம், சாராயக் கம்பெனி என்று நமக்குத் தெரிந்த அதே ஷா வாலஸ்தான். இறக்குமதித் தீர்வை 80 சதவீதம் இருந்த காலம், விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்து 18,000! காரோட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு கல்யாணத்தின் பந்திச் செலவு முடிந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் 360 2006 செப்டம்பரிலும், பிளேஸ்டேஷன் 3 2007 ஏப்ரலிலும் முறைப்படி இந்தியாவுக்கு வந்தன. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அதற்கு முன்னால் வந்ததெல்லாம் யாரோ ஒரு அப்பாவின், யாரோ ஒரு சித்தப்பாவின் பெட்டியில் லுங்கிக்கும் டேங் பொடி டப்பாவுக்கும் நடுவில் வந்ததுதான்.

1999இல் அப்பா ஒரேயடியாக ஊர் திரும்பினார், கையில் சாம்பல் நிற பிளேஸ்டேஷனோடு. இரண்டு கன்ட்ரோலரிலும் ஸ்டார்ட் உண்டு. ஆனால் நான் அப்போது சென்னையில் ஹாஸ்டலில். அப்பா வீட்டில் இருந்த நாளில் நான் இல்லை. 2002இல் அமெரிக்கா வந்துவிட்டேன். அந்த பிளேஸ்டேஷனுக்கு அம்மை பூப்போட்ட துணியில் உறை தைத்து ஷோகேஸில் வைத்தாள். அதைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

சொந்தச் சம்பாத்தியத்தில் 2004இல் நியூ ஜெர்சியில் வாங்கியது பிளேஸ்டேஷன் 2. உலகத்தில் அதிகம் விற்ற கன்சோல், சோனி கணக்கில் 16 கோடி. தங்கச்சி கல்யாணத்துக்கு 2005இல் ஊர் போகும்போது பந்தாவாக எடுத்துப் போனேன். சொந்தக்காரப் பிள்ளைகள் சுற்றி உட்கார, பிளக்கைச் சொருகினேன். டப். மெல்லிசாகப் புகை. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் ஊரில் 230. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "எஞ்சினியருக்குத்தானே மக்களே நீ படிச்சே?"

பிறகு உள்ளே போய் ஸ்குரூ டிரைவர் செட்டை எடுத்து வந்தார். குவைத்திலிருந்து வந்த அதே செட். உள்ளே பவர் போர்டில் பியூஸும் இன்னொரு சின்ன உறுப்பும் கருகியிருந்தன. களியக்காவிளையில் டிவி ரிப்பேர் கடையில் வாங்கி வந்து பற்ற வைத்தார். ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரையும் கொண்டுவந்து மாட்டினார். ஓடியது! ஆனால் படம் கறுப்பு வெள்ளை. அமெரிக்காவில் டிவிக்கு என்.டி.எஸ்.சி முறை, நம் நாட்டில் பால் முறை; இரண்டும் வண்ணத்தை வேறு வேறு விதமாக அனுப்பும். வீட்டு டிவிக்குத் தெரிந்தது பால் மட்டும். 12 வருஷம் கழித்து, கலர் டிவியிலேயே மறுபடியும் சாம்பல். "பழைய கெல்ட்ரான் மாதிரி இருக்கு" என்று அப்பா சிரித்தார். கல்யாண வீட்டு வேலையில் சேர்ந்து விளையாட மட்டும் நேரம் வரவில்லை.

2009இல் அப்பாவும் அம்மையும் ஆறு மாசம் இங்கே வந்து இருந்தார்கள். குளிர், வெளியே போக முடியாது. அப்போது வீட்டில் நின்டெண்டோ வீ இருந்தது. ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் திரையில் பந்து உருளும். பட்டனை அதிகம் தேட வேண்டாம் என்பதால் பெரியவர்களும் விளையாடினார்கள், பத்து கோடிக்கு மேல் விற்றது. அப்பா பவுலிங்கில் கில்லாடியானார். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி ஒரு குனிதல், அப்புறம் ஒரு வீச்சு. அம்மை டென்னிசில் என்னைத் தோற்கடித்தாள் (சத்தியமாக விட்டுக்கொடுக்கவில்லை). ஊருக்குத் திரும்புகிற நாள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் அப்பா ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் கோட்டை மாட்டினார்.

பழைய பொம்மை? அது வெகுநாள் ஓடியது. கூட வந்த துப்பாக்கிதான் முதலில் செத்தது. வீட்டில் எல்.சி.டி டிவி வாங்கிய பிறகு தங்கச்சி மகன் வாத்தைச் சுட்டுச் சுட்டுப் பார்த்திருக்கிறான், ஒன்றும் விழவில்லை, நாய் மட்டும் சிரித்தது. துப்பாக்கியில் கோளாறு இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலின் நுனியிலுள்ள ஒளி உணரி அந்தக் கணத்தில் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். பழைய குழாய் டிவி உடனுக்குடன் காட்டும். எல்.சி.டி படத்தைத் தயார் செய்து காட்டுவதற்குள் அந்தக் கணம் போய்விடும். இதை நான் போனில் விளக்கி முடிப்பதற்குள் அம்மை துப்பாக்கியை ஆக்கர் கடைக்குப் போட்டுவிட்டாள்.

கொரோனாவில் இரண்டு வருஷம் ஊருக்குப் போக முடியவில்லை. 2021 டிசம்பரில் ஊருக்குப் போன ஒரு நண்பர் பெட்டியில் ஒரு ஸ்விட்ச் கொடுத்துவிட்டேன். 2017இல் வந்த ஸ்விட்சை நின்டெண்டோ அதுவரை இந்தியாவில் முறையாக வெளியிட்டிருக்கவில்லை, ஆகவே அப்போதும் பெட்டிதான் வழி. இந்தத் தடவை மகன் அப்பாவுக்கு அனுப்புகிறான். அதில் சந்தா கட்டினால் பழைய நின்டெண்டோ விளையாட்டுகளை இணையம் வழியாக இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். அப்பா கேட்ட பேட்டில் சிட்டியை அதில் நான் பார்க்கவில்லை. ஐஸ் கிளைம்பர் இருந்தது, போதும்.

2022 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. இங்கே காலை ஏழு மணி, காரோட்டில் மாலை ஐந்தரை. வாட்ஸப்பில் பேசிக்கொண்டே தங்கச்சி மகன் அங்கே எல்லாம் சரிசெய்து கொடுத்தான். யார் அறையைத் திறக்கிறார்களோ அவர்தான் முதல் ஆள். அப்பா திறந்தார். என் மகன் இரண்டாவது ஆளாகச் சேர்ந்தான், நான் பக்கத்தில் காப்பியோடு. இரண்டு பேரும் பனிக்கட்டியை உடைத்து உடைத்து மேலே ஏறினார்கள். மூன்றாவது மலையில் பாதி தூரம் போயிருப்பார்கள், திரை அப்படியே நின்றது.

நெட் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். மகன் ரூட்டரைப் பார்க்க எழுந்தான். வாட்ஸப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் காலிச் சோபா. தூரத்தில் கேட்டுப் பக்கத்தில் அப்பாவின் குரல்.

"சாளை எப்பிடி இன்னைக்கு?"

பத்து நிமிஷம் கழித்து மீன் சட்டியை அம்மையிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாந்தான் நிறுத்தி வச்சேன் மக்களே" என்று பேரனிடம் சொல்லிவிட்டு, ஸ்டார்ட்டை அமுக்கினார்.