ஆறு பேரில் ஒருத்தனைக் காணோம்!

ஒரு குரு. ஐந்து சிஷ்யர்கள். ஆற்றைக் கடந்து அக்கரைக்கு வந்ததும் ஒரு சிஷ்யன் தலைகளை எண்ணுகிறான். ஐந்துதான் வருகிறது. ஆறு பேர் புறப்பட்டோமே, ஒருத்தன் எங்கே? இன்னொருவன் எண்ணுகிறான். அவனுக்கும் ஐந்துதான். ஆறு ஒருத்தனை விழுங்கிவிட்டது என்று கரையில் உட்கார்ந்து ஆறு பேரும் ஒப்பாரி வைக்கிறார்கள்!

எண்ணியவன் தன்னை எண்ணவில்லை. அவ்வளவுதான் விஷயம். வழிப்போக்கன் ஒருவன் வந்து, காசு வாங்கிக்கொண்டு, ஒவ்வொருத்தர் முதுகிலும் ஒரு போடு போட்டு எண்ணிக் காட்டுகிறான். கணக்கு சரியாகிவிடுகிறது.

பரமார்த்த குரு கதை. பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காலங்காலமாக நம்ம ஊர்த் திண்ணைகளில் புழங்கிய கதை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், அதைத் தமிழில் எழுதிவைத்தவர் ஓர் இத்தாலிக்காரர்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. வீரமாமுனிவர் என்றால் சட்டென்று தெரியும். சென்னை மெரினாவில் 1968ல் சிலை வைத்தார்களே, அவர்தான். 1680ல் வட இத்தாலியில் பிறந்தவர். சேசு சபைப் பாதிரியார். 1710ல் கோவாவில் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் வெகுகாலம் தங்கியிருந்த ஊர்களில் ஒன்று ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995ல் பெரம்பலூர் பிரிந்தது, 2007ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது என்பதெல்லாம் நம் காலத்துக் கணக்கு. பெஸ்கியின் காலத்தில் அரியலூர், மழவராயர்களின் பாளையம். மழவராயர் ஒருவரை வாட்டிய கட்டியைப் பாதிரியார் குணப்படுத்தினார், நன்றியாக அவர் நிலம் கொடுத்தார் என்று ஏலாக்குறிச்சியில் இன்றும் சொல்கிறார்கள். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன்மேல் ஒரு கலம்பகமே பாடினார் மனிதர்.

அவர் எழுதியது ஒன்றா, இரண்டா? 1726ல் தேம்பாவணி. 3,615 பாடல்கள். 1732ல் சதுரகராதி. இத்தனை பெரிய பண்டிதர், புகையிலைக் கொள்ளிக்கட்டை, குதிரை முட்டை என்று ஒரு முட்டாள் குருவின் கதையை எதற்காக எழுதினார்?

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். புலவர் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியவர், ஜனங்கள் பேசுகிற கொடுந்தமிழுக்கும் லத்தீனில் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738ல் தரங்கம்பாடியில் அச்சானது. ஐரோப்பாவிலிருந்து புதிதாக வருகிற பாதிரியார்கள் பேச்சுத் தமிழைப் படித்துப் பழக வேண்டும். இலக்கண விதியை மட்டும் வைத்துக்கொண்டு யாரால் பேச முடியும்? கதை வேண்டும். அதுவும் சிரிக்கச் சிரிக்க இருக்க வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் பரமார்த்த குரு. 1822ல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். பாடப்புத்தகமாக எழுதப்பட்டது, பிறகு பாட்டிகளின் கதையாகிவிட்டது.

சரி, அந்த எண்ணிக்கை ஜோக் அவருடைய சொந்தச் சரக்கா? இல்லை. இங்கிலாந்தில் காதம் என்ற ஊர் முட்டாள்களைப் பற்றி 16ம் நூற்றாண்டிலேயே கதைகள் அச்சாகியிருந்தன. அதிலும் 12 பேர் தங்களை எண்ணிப் பார்த்து, ஒருத்தனைக் காணோம் என்று தேடுகிறார்கள். இந்தியாவில் அதற்கும் முந்தியே, 14ம் நூற்றாண்டில், வித்யாரண்யர் பஞ்சதசியில் இதே விஷயத்தை வேதாந்தம் சொல்லப் பயன்படுத்தினார். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் பத்தாவது ஆளைத் தேடுகிறவனிடம், அந்தப் பத்தாவது ஆள் நீதானப்பா என்று சொல்லிப் புரியவைப்பது. வேதாந்தியும் பாதிரியாரும் காதம் ஊர்க்காரனும் ஒரே இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். மனுஷன் ஊரையெல்லாம் எண்ணுவான், தன்னை விட்டுவிடுவான்!

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பிள்ளையின் மார்க்கை எண்ணுகிறோம், ஃபீஸை எண்ணுகிறோம், பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய ரேங்க்கைக்கூட எண்ணுகிறோம். நம் கதையை மட்டும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. சொன்னாலும், ‘நானெல்லாம் தெருவிளக்கில் படிச்சு முன்னுக்கு வந்தேன்’ ரகம்தான். பேலன்ஸ் ஷீட்டில் சொத்தை மட்டும் காட்டிக் கடனை மறைத்தால் ஆடிட்டர் விடமாட்டார். வீட்டில் கேட்க ஆடிட்டர் இல்லை. அதனால் அப்பாக்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் இரண்டு உளவியல் பேராசிரியர்கள், மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ். 2001ல் சில டஜன் குடும்பங்கள் சாப்பிடும்போது என்ன பேசுகின்றன என்று பதிவு செய்தார்கள். பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். உன் அப்பா அம்மா எந்த ஊரில் வளர்ந்தார்கள், அவர்கள் முதலில் எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்த கதை தெரியுமா, குடும்பத்தில் யாருக்காவது பெரிய கஷ்டம் வந்ததுண்டா என்கிற மாதிரி. அதிகம் தெரிந்துவைத்திருந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கை அதிகமாகத் தெரிந்தது. அதே வருஷம் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. மறுபடி போய்ப் பார்த்தபோது, அந்த அதிர்ச்சியையும் அவர்கள்தான் நன்றாகத் தாங்கியிருந்தார்கள்.

உடனே 20 கேள்விக்கும் பதில் எழுதிப் பிள்ளையை மனப்பாடம் பண்ண வைத்துவிடாதீர்கள். பதில் முக்கியமில்லை, உட்கார்ந்து பேசிய நேரம்தான் முக்கியம் என்று டியூக்கே சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். ஏறிக்கொண்டே போன கதையைவிட, ஏறி, விழுந்து, மறுபடி எழுந்த குடும்பத்தின் கதைதான் பிள்ளைக்கு அதிகத் தெம்பு கொடுக்கிறது. குருவைப் பாருங்கள். கதை முழுக்க விழுந்துகொண்டேதான் இருக்கிறார். அதனால்தானே இன்றும் ஞாபகம் இருக்கிறார்?

இதே அரியலூர்ப் பக்கம் இன்னோர் ஆறு, மருதையாறு. 1956 நவம்பர் 23, விடிவதற்கு முன்னால், வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. அந்த மழையில் உங்கள் வீட்டுத் தாத்தா எங்கே இருந்தார், கூரை ஒழுகியதா, அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவருக்கு இன்று எண்பது வயது இருக்கும். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் அவரோடு போய்விடும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் மாதிரி ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறைய. ஒரு காலத்தில் மாசத்துக்கு ஒரு கடிதம்தான். இன்றைக்கு வீடியோ காலில் முகமே தெரிகிறது. ஆனால் பேச்சு? ‘சாப்பிட்டியா? பணம் வந்துச்சா? சரி, வெச்சிடறேன்.’ அங்கே முதல் மாசம் எப்படி அழுதோம், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினோம், யார் கைகொடுத்தார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அப்பா என்பது மாசாமாசம் வருகிற ஒரு தொகை. எண்ணிக்கையில் விட்டுப்போன ஆறாவது ஆள் அவர்தான்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது டி.வி.யைக் கொஞ்சம் அணைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பரமார்த்த குரு கதையைச் சொல்லுங்கள். நன்றாகச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், நீங்கள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்ட கதையையும் சொல்லுங்கள். இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள். பரவாயில்லை, முதுகில் அடி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்!