மாவு சலித்த பட்டு

அரிசி மூட்டையின் மேல் ஆலையின் பெயரும் எடையும் கறுப்பு மையில் இருக்கும். தகரத்தில் எழுத்துகளை வெட்டி, மூட்டையின் மேல் வைத்து மை தடவிய வேலை அது. உற்றுப் பார்த்தால் அதில் பூஜ்ஜியம் முழு வட்டமாக இருக்காது. மேலும் கீழும் அறுந்து, இரண்டு அடைப்புக்குறிகள் எதிரெதிரே நிற்பது மாதிரி தெரியும். வட்டத்தை முழுதாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். ‘க’ வெட்டினால் சுழிக்குள் இருக்கும் பொட்டு விழும். அதைப் பிடித்து வைக்க ஒரு பாலம் விடவேண்டும். பாலம் விட்டால் எழுத்து அறுபடும்.

இன்று ஸ்கிரீன் பிரிண்டிங் என்று நாம் சொல்லும் தொழில், அந்த நடுத்துண்டை விழாமல் பிடிக்கும் முயற்சியிலிருந்து வந்தது. கிமோனோ துணிகளுக்குச் சாயமிட்ட ஜப்பானியர்கள் இதை மிக நுட்பமாகச் செய்தார்கள். இன்றைய சுசுகா நகரப் பகுதியில் செய்யப்படும் அச்சுத்தாள்களுக்கு ‘கட்டகாமி’ என்று பெயர். மரப்பட்டையிலிருந்து செய்த தாள்களைக் காக்கி (பெர்சிமன்) பழச் சாற்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, புகை போட்டுப் பதப்படுத்தி, கூர்மையான கத்தியால் கோலம் வெட்டுவார்கள். அதன் வழியே அரிசிப் பசையைத் துணியில் தேய்த்துவிட்டுச் சாயம் ஏற்றுவார்கள். பசை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

மெல்லிய கோடுகள் நிறைந்த கோலம் என்றால் தாள் ஆடிவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி அசாத்தியமானது. வெட்டிய தாளை இரண்டு அடுக்காகப் பிரித்து, நடுவே பட்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து வைத்து, வெட்டுகள் மயிரிழைகூடப் பிசகாமல் மறுபடி ஒட்டினார்கள். நூல் அத்தனை மெலிது என்பதால் பசை அதைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். துணியில் நூலின் தடமே விழாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தாள்கள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போய் அருங்காட்சியகங்களில் சேர்ந்தன.

நூல்களுக்குப் பதிலாக ஒரு துணியையே வைத்தால் என்ன? அப்படி ஒரு துணி ஏற்கெனவே இருந்தது, ஆனால் மாவு ஆலையில். அரைத்த கோதுமையிலிருந்து தவிட்டைப் பிரித்து நைசான மாவை எடுக்க, சுவிட்சர்லாந்து நெசவாளர்கள் பட்டில் சல்லடைத் துணி நெய்துகொண்டிருந்தார்கள். சாதாரணத் துணியில் இழை நகர்ந்தால் ஓட்டை பெரிதாகும். இந்தத் துணியில் பாவு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதால் ஓட்டைகள் இடம் மாறாது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரே அளவு. அச்சுக்காரருக்கும் வேண்டியது அதுதானே!

1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணியைத் திரையாக வைத்து அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு அமெரிக்காவில் கடைப் பலகைகளுக்கும் கல்லூரிக் கொடிகளுக்கும் இந்த முறை பரவியது. துணி அச்சுத் தொழிலுக்கு வந்தும் ஆலையின் அடையாளம் அதை விடவில்லை. மாவுச் சல்லடைக்கு வைத்திருந்த ‘12 எக்ஸ் எக்ஸ்’ போன்ற எண்களைச் சொல்லித்தான் அச்சுக்காரர்கள் பல பத்தாண்டுகள் பட்டு வாங்கினார்கள். இன்று உலகம் முழுக்கத் திரைத்துணி விற்கும் சுவிஸ் நிறுவனமான செஃபாரின் பூர்வீகமும் அந்தச் சல்லடை நெசவுதான்.

ஓவியர்கள் கைக்கு இது வந்தது பொருளாதார மந்தக் காலத்தில். 1930களின் இறுதியில், நியூயார்க்கில் அரசு உதவியோடு நடந்த கலைத் திட்டத்தில் வேலை பார்த்த ஆன்டனி வெலோனிஸ், விளம்பரப் பலகைக்காரர்களின் இந்த வித்தையை ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், கையேடும் எழுதினார். பெரிய எந்திரம் வேண்டாம், ஈயம் வேண்டாம், கல் வேண்டாம். ஒரு மரச்சட்டமும் கொஞ்சம் துணியும் போதும். 1962இல் ஆண்டி வார்ஹால் மர்லின் மன்றோ முகத்தை இதில் அடித்துப் புகழ்பெற்றார். என்னைக் கேட்டால், 1968 மே மாதம் பாரிஸ் நுண்கலைப் பள்ளியைக் கைப்பற்றிய மாணவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அடித்துத் தள்ளிய சுவரொட்டிகள்தான் இந்தத் துணியின் குணத்தைச் சரியாகக் காட்டின. வார்ஹாலுக்கு ஸ்டூடியோ இருந்தது, அவர்களுக்கு அவசரம் மட்டும்தான் இருந்தது.

இதற்கிடையில் பட்டு விடைபெற்றுக்கொண்டது. ஈரம் பட்டால் தளரும். பழைய படத்தை அழிக்க பிளீச் ஊற்றினால் துணியே கரைந்துபோகும். நைலானும் பிறகு பாலியஸ்டரும் அந்த இடத்துக்கு வந்தன. ‘சில்க் ஸ்கிரீன்’ என்ற பெயரில் மட்டும் பட்டு மிச்சம்.

வீட்டுக்குள் இந்த அச்சுமுறையைக் கொண்டுபோனதில் ஜப்பானை மிஞ்ச ஆள் இல்லை. 1946இல் டோக்கியோவில் கையச்சுத் தொழில் தொடங்கிய நோபொரு ஹயாமாவின் ரிசோ நிறுவனம், 1977இல் ‘பிரிண்ட் கோக்கோ’ என்ற சிறு பெட்டியை விற்பனைக்கு விட்டது. புத்தாண்டு அட்டை அனுப்புவது அன்று அங்கே கட்டாயக் கடமை மாதிரி இருந்தது. கார்பன் மையில் படம் வரைந்து பெட்டியில் வைத்து, மேலே இரண்டு ஃபிளாஷ் பல்புகளைச் செருகி அமுக்கினால் பளீரென்று ஒரு வெளிச்சம். கறுப்புக் கோடு அந்தச் சூட்டை வாங்கித் திரையில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை உருக்கும். கோடு இருந்த இடமெல்லாம் ஓட்டை. அதன்மேல் ட்யூபிலிருந்து மையைப் பிதுக்கி, அட்டையின் மேல் அழுத்த வேண்டியதுதான். வீட்டுக்கு வீடு இது குடியேறியது. ஆனால் அந்த பல்புகள் ஒருமுறைதான் எரியும். கணினி பிரிண்டர் வந்ததும் விற்பனை சரிந்து, 2008இல் பெட்டியை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் பல்பும் மையும் நின்றன. நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் தீனி இல்லாமல் செத்தன. ஒரே கம்பெனியின் தீனியை நம்பிய எந்தக் கருவிக்கும் இதே கதிதான்.

மரச்சட்டத்துக்கு அந்தப் பயம் இல்லை. நம் ஊர்களில் கல்யாணப் பத்திரிகையும் தாம்பூல மஞ்சப்பையும் இந்தச் சட்டத்தில்தான் காலம் காலமாக ஓடின. சிறு நகரங்களிலும் ஸ்கிரீன் போட்டுக் கொடுக்கும் கடைகளைப் பார்க்கலாம். வீட்டில் தொடங்குகிறவர்கள் அதுவரைகூடப் போக வேண்டாம். எம்பிராய்டரி வளையத்தில் ஆர்கன்ஸா துணியைத் தட்டினால் டப்பென்று சத்தம் வரும்படி இழுத்து மாட்டுங்கள். ஒட்டும் வினைல் தாளில் படத்தை வெட்டி, துணியின் அடிப்பக்கம் ஒட்டுங்கள். ‘க’வின் பொட்டைத் தனியாக ஒட்டினாலும் அது அங்கேயே நிற்கும். கையால் வரைந்த கோடு வேண்டும் என்றால், படத்தைத் தவிர மற்ற இடத்தை வார்னிஷால் அடைக்கலாம். ஃபெவிகாலால் அடைப்பவர்களும் உண்டு. அது தண்ணீரில் ஊறினால் இளகும்.

துணிக்கு அடிக்கும் நீர்சார்ந்த மையை வாங்குங்கள். கெட்டித் தயிர் பதத்தில் இருக்கவேண்டும். தண்ணீர் சேர்த்தால் ஓரம் பரவும். துணிப்பையில் அடிக்கும்போது, உள்ளே ஓர் அட்டையைச் செருகாவிட்டால் மை பின்பக்கம் ஊறிவிடும். வளையத்தின் ஓரங்களுக்கு அடியில் நாணயங்களை வைத்து, திரைக்கும் துணிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பலர் விட்டுவிடும் விஷயம் இது. மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி அழுத்தும் கோட்டில் மட்டும் திரை துணியைத் தொட்டுவிட்டு உடனே எழும்பவேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் படம் இழுகும். ஸ்குவீஜி இல்லையா, காலாவதியான பிளாஸ்டிக் கார்டு போதும். சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. முதல் இழுப்பைப் பழைய செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன எழுத்து, புகைப்படம் என்று ஆசை வளர்ந்தால் எமல்ஷன் என்ற, வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சின் பக்கம் போகவேண்டும். துணிகளுக்கு 43 டி, காகிதத்துக்கு 77 டியிலிருந்து 120 டி வரை மெஷ் கேட்டு வாங்குங்கள். சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்பதுதான் அந்த எண். எமல்ஷனில் டையாசோ வகையை வாங்குங்கள். ஆரஞ்சு நிறத்தில் பைக்ரோமேட் கலந்து தருகிற பழைய வகையை வீட்டுக்குள் விடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மெல்லியதாகப் பூசி, இருட்டில் காயவிடுங்கள். ஓஎச்பி தாளில் அடர் கறுப்பில் எடுத்த படத்தை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டுங்கள். எவ்வளவு நேரம் என்பது உங்கள் ஊர் வெயிலைப் பொறுத்தது. முதலில் ஒரு துண்டு ஸ்கிரீனில் அட்டையால் மூடி, சிறிது நேரத்துக்கு ஒருமுறை அட்டையை நகர்த்திச் சோதித்தால் தெரிந்துவிடும். பிறகு தண்ணீரில் கழுவினால் வெயில் படாத கறுப்புக் கோடுகள் கரைந்து ஓட்டையாகும்.

அடித்து முடித்ததும் பையை உலரவைப்பதற்கு முன் திரையைக் கழுவிவிடுங்கள். மை காய்ந்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். பை நன்றாகக் காய்ந்தபின் உள்பக்கமாகத் திருப்பி, ஆவி இல்லாத சூடான இஸ்திரிப்பெட்டியால் தேயுங்கள். முதல் சலவையை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகப் போடுவது நல்லது.