மூளையின் முதன்மைச் சார்கோமாக்கள்: திசுத் தோற்றமும் நோய் அடையாளமும்

உடலின் வேறெந்த உறுப்பிலும் மூலக்கட்டி இல்லாதிருக்க, மூளையிலோ அதைப் போர்த்திய சவ்வுகளிலோ தோன்றும் இணைப்புத்திசுப் புற்றுகள் முதன்மைச் சார்கோமாக்கள் எனப்படும். இவை மிக அரியவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எனினும் எவ்வளவு அரியவை என்ற வினாவுக்குப் பழைய நூல்கள் தரும் விடை பெரிதாகவும் புதிய நூல்கள் தரும் விடை சிறிதாகவும் இருப்பதற்கு நோய் குறைந்துபோனது காரணமன்று. நெடுங்காலம் சார்கோமா என்ற வகை, வேறெங்கும் அடங்காத கட்டிகளைத் தள்ளிவைக்கும் இடமாகவே பயன்பட்டு வந்தது என்பதும், கதிர்வடிவ உயிரணுக்கள் நெருங்கி நிற்கும் தோற்றம் மட்டுமே அந்நோயை நிறுவப் போதாது என்பதும் இதன் வரலாற்றிலிருந்தே புலப்படும்.

பெர்சிவல் பெய்லி 1929இல் மென்சவ்விலிருந்து எழும் சார்கோமாக்களை வகைப்படுத்த முயன்றபின், பல கட்டிகள் இப்பெயரின்கீழ் வந்து சேர்ந்தன. பின்னர் ஒவ்வொன்றாக வெளியேறின. சிறுமூளையின் வரையறுத்த சார்கோமா எனப்பட்டது மெடுல்லோபிளாஸ்டோமாவின் நார்மிகு வடிவமாகவும், ரெட்டிகுலம் உயிரணுச் சார்கோமா எனப்பட்டது லிம்போமாவாகவும் அறியப்பட்டன. நட்சத்திர உயிரணுக்களுக்குரிய ஜி.எஃப்.ஏ.பி. என்னும் இழைப்புரதத்தைத் திசுவில் சாயமிட்டுக் காணும் முறை வந்தபின், பூத உருவ உயிரணுக்கள் நிறைந்த சார்கோமாவும் கிளையோபிளாஸ்டோமாவே என்று தெளிவாயிற்று.

இவற்றுள் மிகவும் படிப்பினை தருவது கிளையோசார்கோமா. ஒரே கட்டியில் கிளையோமாப் பகுதியும் சார்கோமாப் பகுதியும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்ட ஃபைகின் முதலியோர் 1950களில், கிளையோபிளாஸ்டோமாவில் பெருகும் குருதிநாளச் சுவர்களே சார்கோமாவாக மாறுகின்றன என்று விளக்கினர். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னால் அது நியாயமான விளக்கமே. ஆனால் இரு பகுதிகளிலும் பி53 மரபணுவின் ஒரே திடீர்மாற்றம் இருப்பது 1990களில் காட்டப்பட்டதும், இரண்டும் ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்கள் என்பது உறுதியாயிற்று. ஆகவே சிறு ஊசித்திசு ஒன்றில் சார்கோமா மட்டும் தென்பட்டால் அதை முதன்மைச் சார்கோமா என எழுதிவிடுவது அவசரமான முடிவாகும். எஞ்சிய கட்டியில் கிளையோமா ஒளிந்திருக்கக்கூடும்.

நோய்க்குறிகள் இதில் ஓரளவே துணைசெய்யும். தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவை கட்டி அமைந்த இடத்தையும் மண்டையக அழுத்தத்தையும் சொல்லுமேயன்றி அதன் வகையைச் சொல்லா. கட்டி வன்சவ்வோடு ஒட்டியிருப்பின் படிமத்தில் மெனிஞ்சியோமாவைப் போலவே தோன்றும். இதற்கு விலக்காக நிற்பது, பெரும்பாலும் சிறுவரிடம் பெருமூளையில் தோன்றும் டைசர்1 மரபணு பிறழ்ந்த சார்கோமா. இது கட்டிக்குள் குருதி கசிந்து திடீர் நோயாக வெளிப்படுவது அடிக்கடி நிகழ்வதால், குருதிக்கசிவை அகற்றும் அறுவையில் எடுத்த திசுவையும் ஆய்வுக்கு அனுப்பாமல் விடலாகாது.

இதன் திசு அமைப்பு நோக்கத் தக்கது. கதிர்வடிவ உயிரணுக்கள் கற்றைகளாக ஓடும். அவற்றின் உள்ளே இயோசினில் சிவக்கும் பளபளப்பான புரத உருண்டைகள் காணப்படும். ரெட்டிகுலின் இழைகள் தனித்தனி உயிரணுவைச் சூழ்ந்து நிற்கும். டெஸ்மின் முதலிய தசைக் குறியீடுகள் ஆங்காங்கே தென்படும். சிலவற்றில் குருத்தெலும்புத் தீவும் இருக்கும். டி.என்.ஏ. மெத்திலேற்றப் பாங்கை ஒப்பிட்டு 2018இல் கோயெல்ஷெ குழுவினர் இதைத் தனி நோயாகப் பிரித்தனர்; 2021ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன வகைப்பாடும் அதை ஏற்றது. நுண் ஆர்.என்.ஏ.க்களை அவற்றின் முன்வடிவிலிருந்து வெட்டித்தரும் நொதியே டைசர். அதன் மரபணுவின் ஒரு படி செயலிழந்து, மற்றொரு படியில் நொதியின் வெட்டும் பகுதி பிறழும்போது நுண் ஆர்.என்.ஏ. சமநிலை குலைகிறது. பெரு நாட்டின் லிமாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இத்தகைய சிறுவர் பலர் காணப்பட்டது, அரியதென்று கருதப்பட்ட நோயைப் பற்றிய கணிப்பையே அசைத்தது.

மெத்திலேற்ற ஆய்வு வந்துவிட்டதால் நுண்ணோக்கி தேவையற்றுப் போனது என்ற வாதம் இங்கே ஏற்கத்தக்கதன்று. செலவுமிகுந்த அச்சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. எந்தக் கட்டியை அதற்கு அனுப்புவது என்பதை அப்புரத உருண்டைகளைக் கண்டறியும் கண்தான் முடிவுசெய்கிறது. தனிநின்ற நார்க்கட்டியில் ஸ்டாட்6 புரதம் உட்கருவில் சேர்வதைக் காட்டும் எளிய சாயமுறை, 2013இல் அறியப்பட்ட மரபணு இணைவுக்கு நம்பகமான மாற்றாக அமைந்ததும் இவ்வகைத் துணையே.

முதன்மை என்ற தீர்ப்பை மட்டும் மூளைத்திசு ஒருபோதும் தானே வழங்காது. டைசர்1 பிறழ்வைக் கருவழியில் பெற்ற குழந்தைகளுக்கு நுரையீரலில் தோன்றும் பிளூரோபல்மனரி பிளாஸ்டோமா மூளைக்குப் பரவும் இயல்புடையது. பரவிய அக்கட்டி திசுவிலும் மரபணுவிலும் மூளையில் பிறந்த சார்கோமாவை ஒத்திருக்கும். எனவே மார்பின் சி.டி. படம் பார்க்கப்படும்வரை, திசு அறிக்கையில் முதன்மை என்று எழுத இடமில்லை.