வாயில் அடைபட்டும் நடந்த மாதர்

மனை துறந்து அறவழி நடந்த பெண்டிரின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்திரை இலங்கையில் பிக்குணிச் சங்கத்தை நிறுவினார். சோழர் போர்களுக்குப் பின், 11ஆம் நூற்றாண்டளவில் அச்சங்கம் அழிந்தது. பிக்குச் சங்கமும் அந்நாளில் நலிந்தே கிடந்தது. முதலாம் விஜயபாகு மன்னன் பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து அதனை மீட்டான். பெண்டிர் சங்கத்தை எவரும் மீட்கவில்லை. பிக்குணியர் இன்றிப் புதிய பிக்குணியை ஆக்கலாகாது என்று கூறி, வாயிலை அடைத்தனர்.

ஆயினும் பெண்டிர் காத்திருக்கவில்லை. கிறித்துவக் குடும்பத்தில் பிறந்த காதரின் டி அல்விஸ் என்னும் அம்மையார், தாமே பர்மா சென்று பத்துச் சீலங்களை ஏற்று, 1905இல் தாயகம் திரும்பினார். அவர் வழி வந்தோர் 'தசசில் மாதா' எனப்பட்டனர். தலை மழித்தனர், பொன்னும் வெள்ளியும் ஏற்றிலர், நண்பகலுக்குப் பின் உண்டிலர். துறவியராய் வாழ்ந்தும், சங்க விதிப்படி அவர்கள் உபாசிகைகளே ஆவர். பிக்குகளுக்குரிய மதிப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1996இல் சாரநாத்தில் அவருள் சிலர் பிக்குணிகளாயினர்.

இளைஞர்களே! பட்டம் பிறர் தருவது. ஒழுக்கம் நாமே ஏற்பது. கதவு திறக்கட்டும் என்று இருந்துவிடாமல் நடந்த அம்மாதரை நாம் நெஞ்சிற் கொள்வோமாக.