தொலைவிலிருந்து வந்த ஆறுதல்

துன்புற்றோர் ஆறுதல் நாடிப் பெரியோர் இல்லஞ் செல்வதே தொன்றுதொட்டு வந்த வழக்கம். ஆயின், ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாணும் துயரமும் உண்டு; சொன்னால் தண்டனை வருமோ என அஞ்சும் துயரமும் உண்டு. அத்தகைய துயரங்களுக்கு வாயில் திறந்தது தொலைபேசியாகும். அவ்வாயில் திறந்த வரலாறு ஒரு சிறுமியின் அடக்கச் சடங்கிலே தொடங்குகின்றது.

1935ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிங்கன் நகரில், சாட் வாரா என்னும் இளங்குரு அச்சடங்கினை நடத்தினார். பூப்பெய்தியதன் அறிகுறியைக் கொடிய பாலியல் நோயென மயங்கிய அச்சிறுமி, கேட்டுத் தெளிய ஒருவருமின்றித் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். சில சொற்களால் காத்திருக்கக்கூடிய உயிர் அது. அந்நினைவு வாராவின் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1953இல் இலண்டன் மாநகரின் நடுவிலுள்ள புனித ஸ்தேவான் வால்புறூக் தேவாலயத்தின் குருவாக அவர் அமர்ந்தார். அக்காலத்து இங்கிலாந்தில் தற்கொலைக்கு முயல்வதே குற்றம். 1961ஆம் ஆண்டுச் சட்டமே அந்நிலையை மாற்றியது. எனவே, உயிரை வெறுத்தவர் தம் உள்ளத்தைத் திறக்க அஞ்சினர். தீப்பற்றினால் அழைப்பதற்கு 1937 முதல் 999 என்னும் இலக்கம் இலண்டனில் இருந்தது. உள்ளம் பற்றியெரிவோர் அழைக்க ஓர் இலக்கம் வேண்டாமா என வாரா எண்ணினார். எளிதில் நினைவிற் பதியும் ‘மான்சன் ஹவுஸ் 9000’ என்னும் இலக்கத்தை அவர் விரும்பினார். தேவாலயத்தில் தூசு படிந்து கிடந்த தொலைபேசிக்கு ஏற்கெனவே அவ்விலக்கமே இருந்ததென அவர் பின்னாளிற் கூறினார். 1953 நவம்பர் 2ஆந் திகதி அப்பணி தொடங்கியது. செய்தித்தாள் ஒன்று சூட்டிய பெயரினால் அவ்வியக்கம் ‘சமாரியர்’ என வழங்கலாயிற்று.

ஆண்டு முடியுமுன்னரே வாரா எதிர்பாராத ஓர் உண்மையைக் கண்டார். அவரை நேரிற் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாயிருந்தவர்கள், பயிற்சி பெற்ற வைத்தியரல்லர், சாதாரண தொண்டர்கள். ஆயினும், அவர்களிடம் மனம்விட்டுப் பேசியோரிற் பலர் குருவைக் காணாமலே அமைதியுற்றுச் சென்றனர். அறிவுரையினும், இடைமறியாது கேட்கும் செவியே பெருமருந்து என்பதை வாரா உணர்ந்தார். 1954 பெப்ரவரி 2ஆந் திகதி அழைப்போரைத் தாங்கும் பொறுப்பினைத் தொண்டரிடமே ஒப்படைத்தார்.

குரலோடு முகமுந் தோன்றும் முறையை அமெரிக்கா முதலிற் பரீட்சித்தது. 1959இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில், வைத்தியர் சிசில் விட்சனும் அவர்தம் குழுவினரும் இருவழித் தொலைக்காட்சி மூலம் நோயாளர் குழுக்களுக்கு உளச்சிகிச்சை அளித்தனர். 1964இல் 112 மைல் தொலைவிலிருந்த நோர்போக் மனநல வைத்தியசாலையோடு அத்தகைய இணைப்பு ஏற்பட்டது. நிபுணரின்றித் தவித்த ஊருக்கு நிபுணரின் முகம் சென்று சேர்ந்தது.

இலங்கையில் 1974ஆம் ஆண்டு கொழும்பிலே ‘சுமித்ரயோ’ இயக்கம் தோன்றியது. இங்கும் தற்கொலை முயற்சி 1998 வரை குற்றமாகவே கணிக்கப்பட்டது. அந்நாளில் ஒருவரின் இரகசியத்தைக் காப்பது வெறும் நாகரிகமன்று. அவரைச் சட்டத்தினின்றும் ஊர்வாயினின்றும் காப்பதுமாகும். பின்னர், தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் இலக்கத்தில் தொலைபேசிச் சேவையை அமைத்தது. 2020இல் கொரோனாத் தொற்றினால் கதவுகள் அடைபட்ட வேளையில், உலகெங்கும் உளவளத்துணை தொலைபேசி வழியும் காணொளி வழியும் நடைபெற்றது.

இம்முறைக்குக் குறைகளும் உள. பலர் நெருங்கி வாழும் சிறு வீட்டிலே தனித்துப் பேச ஒரு மூலை கிடைப்பது அரிது. கைந்நடுக்கத்தையும் கண்ணீரையும் குரல் மாத்திரம் முற்றும் உணர்த்தாது. எனினும், கருவி ஒரு பாலமேயன்றிப் பிறிதன்று. பாலத்தின் மறுகரையில் இகழாது கேட்கும் ஒருவர் இருத்தல் வேண்டும். லிங்கன் நகரத்துச் சிறுமிக்குக் கிட்டாமற் போனது அந்த ஒருவரே.